நாட்டோட சேமிப்புன்னா என்ன? வீடு, கம்பெனி, கவர்மெண்ட்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருப்பூர் பக்கம் பதினெட்டு வருஷமா போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாசாமாசம் கட்டற சேமிப்புக்கு, ஏஜென்ட்டா இருக்கேங்க. மாசத்தோட முதல் பாதில அக்கவுண்ட் ஆரம்பிச்சவங்க 15ஆம் தேதிக்குள்ள கட்டணும், பின் பாதில ஆரம்பிச்சவங்க மாசக் கடைசிக்குள்ள கட்டணும், அதனால ரெண்டு லிஸ்ட் போடணும், ரெண்டு தடவை லைன்ல நிக்கணும், அதுக்கு முன்னாடி வீடு வீடா, பனியன் கம்பெனி வாசல் வாசலா போய் வசூல் பண்ணணும். 2023 செப்டம்பர்ல "இந்தியக் குடும்பங்களோட சேமிப்பு 50 வருஷத்துல இல்லாத அளவுக்கு குறைஞ்சிருச்சு"ன்னு செய்தி வந்ததுங்க, அன்னைலருந்து போற வீட்ல எல்லாம் இதையே கேக்கறாங்க. நாமதான் மாசாமாசம் கட்டறோமே, அப்புறம் எப்படிக்கா குறையும்னு. ஒழுங்கா பதில் சொல்லணும்னுதான் உக்காந்து படிச்சேன். படிச்சதையும் பாத்ததையும் சேத்து இங்க எழுதறேன்.

நாட்டோட சேமிப்புன்னா யாரோட பணம்? கவர்மெண்ட் கஜானாவா?

இல்லைங்க. ஒரு வருஷத்துல நாட்டுக்குள்ள வர்ற மொத்த வருமானம், அதோட வெளிநாட்ல இருக்கிற நம்ம ஆளுங்க வீட்டுக்கு அனுப்பற பணம், இது ரெண்டையும் கூட்டி, அதுல சாப்பாடு, துணி, வாடகை, பஸ்சு, ஃபீஸு, அரசு ஆபீஸ் சம்பளம் இந்த மாதிரி அன்னன்னைக்கு தீர்ந்துபோற செலவைக் கழிச்சா மிச்சம் நிக்கறதுதான் நாட்டோட சேமிப்பு. அந்த மிச்சம் மூணு பைல இருக்கு. ஒண்ணு நம்ம வீடுங்க, ரெண்டாவது கம்பெனிங்க, மூணாவது அரசாங்கம். இந்தியாவுல இப்ப மொத்த வருமானத்துல நூத்துக்கு முப்பது ரூபாய் பக்கம் இப்படி மிச்சமாகுது. அந்த முப்பதுல பெரிய பங்கு, சுமார் 60 சதவீதம், வீடுங்களோடது. அப்புறம் கம்பெனிங்க. அரசாங்கத்தோட பங்கு ரொம்பக் கம்மி, சில வருஷம் மைனஸ்லயே போயிடும். சுதந்திரம் வந்த புதுசுல மொத்தமே பத்து ரூபாய் பக்கம்தான் மிச்சமாச்சு, 2007-08ல 37 ரூபாய்க்கு பக்கத்துல போயி, அதுக்கப்புறம் இறங்கி முப்பதுல நிக்குது.

குடும்பம்னு சொல்றாங்களே, அதுல யாரெல்லாம் வருவாங்க?

இதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. கணக்குல குடும்பம்னா சம்பளக்காரர் வீடு மட்டும் இல்லைங்க. விவசாயி, பெட்டிக்கடை, டீக்கடை, வீட்டு முன்னாடி நாலு மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்கு தைச்சுக் குடுக்கறவங்க, தனியா வரவு செலவு புக்கு வச்சுக்காத சின்னத் தொழில் எல்லாமே குடும்பம்ங்கற பைக்குள்ளதான் வருது. கோயில், அறக்கட்டளை மாதிரி லாபம் பாக்காத அமைப்புங்களையும் இதுலதான் போடறாங்க. அதனால நாலு மெஷின்காரர் பிசினஸ் பெருசாகி பிரைவேட் லிமிடெட்னு பதிஞ்சுட்டார்னா நேத்து வரைக்கும் குடும்ப சேமிப்பா இருந்தது இன்னைக்கு கம்பெனி சேமிப்பு ஆயிடும். ஆள் அதே ஆள், ஷெட் அதே ஷெட்.

இன்னொண்ணு, வீடு வீடா வந்து கேட்டு இதைக் கூட்டறது இல்ல. பேங்க்ல இருக்கிற மொத்த டெபாசிட்டுல கம்பெனியோடது, அரசோடது எவ்வளவுன்னு பாத்து கழிச்சுட்டு மிச்சத்தை குடும்பத்தோடதுன்னு எடுத்துக்கறாங்க.

நகை வாங்கினா சேமிப்பா? பைக்கு? நிலம்? வீடு?

அதிகமா கேக்கற கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வீடு கட்டறது சேமிப்பு. செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலின்னு போறது எல்லாம் பொருளா நிக்குதில்ல, அதனால அதை பொருள் வடிவ சேமிப்புன்னு எழுதறாங்க. இது சின்ன தொகை இல்லைங்க, 2022-23ல குடும்பங்க சேமிச்ச சுமார் 50 லட்சம் கோடில கிட்டத்தட்ட 35 லட்சம் கோடி இந்த மாதிரி கட்டடமும் தொழில் சாமானும்தான்.

நகை வாங்கறதையும் சேமிப்புன்னுதான் சேக்கறாங்க, ஆனா அந்த வருஷம் 63 ஆயிரம் கோடி சொச்சம்தான் அதுல வந்துச்சு. நம்ம ஊர்ல தங்கத்தைப் பாத்துப் பாத்து பழகினவங்களுக்கு இது நம்ப முடியாத அளவுக்கு சின்னதா தெரியும். புதுசா அந்த வருஷம் சேர்றதை மட்டும்தான் எழுதறாங்க. பாட்டி காலத்துலருந்து பீரோவுல இருக்கிற செயின் இந்தக் கணக்குக்குள்ள வராது, அது விலை ஏறினாலும் வராது.

பைக், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இதெல்லாம் செலவு. பத்து வருஷம் உழைச்சாலும் செலவுதான்.

நிலம்தான் எல்லாரையும் குழப்பும். நீங்க ஒருத்தர்கிட்ட ரெண்டு சென்ட் வாங்கறீங்கன்னா உங்க கைல இருந்து காசு அவர் கைக்கு போகுது, அவர் கைல இருந்த நிலம் உங்க கைக்கு வருது, நாட்டுக்கு புதுசா எதுவும் சேரல. விலை ஏறினா? உங்க இடம் அஞ்சு லட்சத்துலருந்து பதினஞ்சு லட்சம் ஆச்சுன்னா உங்க சொத்து மதிப்பு ஏறுது, அது உண்மை, ஆனா அது நாட்டோட சேமிப்பு ஆகாது. ஷேரும் அதே மாதிரிதான். விலை ஏறின சந்தோஷத்துல நான் நல்லா சேமிக்கறேன்னு நினைச்சுக்கறவங்களை நான் நிறைய பாக்கறேன், சம்பளத்துலருந்து ஒரு ரூபாய் கூட மிச்சம் இருக்காது, கேட்டா இடம் இருக்குங்கக்கான்னு சொல்வாங்க.

ஈஎம்ஐ கட்டறேன், அது கடன் கணக்கா சேமிப்புக் கணக்கா?

ரெண்டும்தாங்க. ஈஎம்ஐல வட்டி போற பாகம் செலவு. அசல் அடைபடற பாகம் சேமிப்பு, ஏன்னா உங்க கடன் அவ்வளவு குறையுது. ஹோம் லோன் எடுத்த முதல் அஞ்சாறு வருஷம் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பாருங்க, கட்டறதுல பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். அப்புறம்தான் அசல் வேகமா இறங்கும். கைல காசு வந்தப்ப ஆயிரமோ அஞ்சாயிரமோ அசல்ல கூடுதலா கட்டறது ஆர்டி போடறதை விட நல்லதாவே இருக்கும் பல பேருக்கு, இதை ஆர்டி ஏஜென்ட் நானே சொல்றேன்.

சீட்டு போடறேன், அது?

ஏலச்சீட்டுல இருவது பேர் கட்டறாங்க, ஒருத்தர் எடுக்கறார். கட்டறவங்களும் குடும்பம், எடுக்கறவரும் குடும்பம். அதனால மொத்தமா கூட்டறப்ப ஒருத்தர் சேமிப்பும் இன்னொருத்தர் கடனும் அடிச்சுக்கிட்டு போயிடும். கைமாத்து, வட்டிக்கு விடறது எல்லாம் இப்படித்தான். உங்களுக்கு சேமிப்பு, நாட்டுக் கணக்குல பூஜ்யம். எடுத்தவர் அந்தக் காசுல வீட்டுக்கு மேல ஒரு ரூம் கட்டினா அந்த ரூம் கணக்குல வந்துடும்.

பதிவு பண்ணாத சீட்டுல மட்டும் போடாதீங்க. எங்க தெருவுலயே ஒருத்தங்க தீபாவளி சீட்டுன்னு புடிச்சு பதினோரு மாசம் வாங்கிட்டு பன்னெண்டாவது மாசம் வீட்டைப் பூட்டிட்டு போயிட்டாங்க, செக்கிங் வேலை பாக்கற நாப்பது பொம்பளைங்களோட காசு.

கம்பெனி எப்படி சேமிக்கும்?

வித்த காசுல நூல் வாங்கினது, கூலி, கரண்ட், வட்டி, வரி எல்லாம் போக லாபம்னு ஒண்ணு நிக்கும். அதுல பங்குதாரருக்கு டிவிடெண்ட் குடுத்தது போக உள்ளயே வச்சுக்கறாங்க பாருங்க, அதுதான் கம்பெனி சேமிப்பு. மெஷின் தேய்மானம்னு ஒதுக்கி வைக்கறதும் மொத்தக் கணக்குல சேரும். 2019 செப்டம்பர்ல கம்பெனி வரியை 30 சதவீதத்துலருந்து 22க்கு குறைச்சாங்க, அப்ப சொன்ன காரணமே இதுதான், கைல காசு நின்னா புது ஃபேக்டரி போடுவாங்கன்னு. காசு நின்னுச்சு. ஆனா நிறைய பேர் அதை வச்சு பழைய கடனைத்தான் அடைச்சாங்க. அது தப்புன்னு நான் சொல்லல, ஆர்டர் வரும்னு நம்பிக்கை இல்லாம யாரும் புது ஷெட் போட மாட்டாங்க. ஆனா வரியைக் குறைச்சா அரசு பைல குறையும், கம்பெனி பைல ஏறும், மொத்தத்துல ஏறுதான்னு தனியாத்தான் பாக்கணும்.

என் சம்பளத்துல புடிக்கற பிஎஃப் யாரோட சேமிப்பு?

உங்களோடதுங்க. உங்க சம்பளத்துல புடிக்கற 12 சதவீதம் மட்டும் இல்ல, கம்பெனி போடறதும் உங்க சம்பளத்தோட சேத்து குடும்பக் கணக்குலதான் வருது. புடிக்கற கம்பெனி ஒழுங்கா கட்டுதான்னு உமங் ஆப்ல பாத்துக்கங்க. மூணு வருஷம் புடிச்சுட்டு கட்டாம விட்ட இடத்துல வேலை பாத்தவங்க எனக்கு கஸ்டமரா இருக்காங்க.

கவர்மெண்ட் சேமிக்குதா இல்லையா?

வரி, கட்டணம்னு வர்ற வருமானத்தை விட சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம்னு போற நடப்புச் செலவு அதிகமா இருந்தா அரசாங்கத்தோட சேமிப்பு மைனஸ். பட்ஜெட்ல வருவாய் பற்றாக்குறைன்னு சொல்றது கிட்டத்தட்ட இதைத்தான். நிதிப் பற்றாக்குறை வேற, அதுல ரோடு, பாலம், ரயில் போடறதுக்கு வாங்கற கடனும் சேரும். கடன் வாங்கி ரோடு போட்டா ரோடு நிக்குது, கடன் வாங்கி வட்டி கட்டினா ஒண்ணும் நிக்காது.

இது எவ்வளவு வேகமா மாறும்னு பாருங்க. 2007-08ல அரசும் அரசு நிறுவனங்களும் சேந்து நாட்டோட மொத்த உற்பத்தில (ஜிடிபி) 5 சதவீதம் சேமிச்சாங்க. அடுத்த ஒரே வருஷத்துல அது 1 சதவீதம் பக்கம் வந்துருச்சு. ஆறாவது சம்பளக் கமிஷன், விவசாயக் கடன் தள்ளுபடி, பெட்ரோல் டீசல் மானியம், உலகப் பொருளாதாரமே படுத்ததால குறைச்ச வரி, எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சு. இதுல ஒவ்வொண்ணுக்கும் நியாயம் இருந்துச்சு, அதனாலதான் கஷ்டமே. கொரோனா வருஷம், அதாவது 2020-21ல, மத்திய அரசோட நிதிப் பற்றாக்குறை 9.2 சதவீதம் போச்சு. அப்ப செலவு பண்ணாம இருந்திருந்தா ரேஷன் அரிசி வந்திருக்காதுங்க, அதையும் நாம மறந்துடக்கூடாது.

சரி, குடும்பங்களோட சேமிப்பு குறைஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே, அது என்ன கணக்கு?

அந்தச் செய்தில சொன்னது மொத்த சேமிப்பு இல்ல, நிகர நிதி சேமிப்பு. அப்படின்னா பேங்க், போஸ்ட் ஆபீஸ், எல்ஐசி, பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், கைல ரொக்கம் இதுல எல்லாம் அந்த வருஷம் போட்டதைக் கூட்டி, அதே வருஷம் புதுசா வாங்கின கடனைக் கழிக்கறது.

2020-21ல குடும்பங்க போட்டது 30.67 லட்சம் கோடி, வாங்கின கடன் 7.37 லட்சம் கோடி, நிகரம் 23.29 லட்சம் கோடி. 2022-23ல போட்டது 29.74 லட்சம் கோடி, கடன் 15.57 லட்சம் கோடி, நிகரம் 14.16 லட்சம் கோடி. நல்லா கவனிங்க, போட்டது ரெண்டு வருஷத்துல பெருசா குறையவே இல்ல, 30 லட்சம் கோடியை ஒட்டியே நிக்குது. கடன்தான் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருச்சு. விலைவாசியும் நாட்டோட வருமானமும் ஏறின நேரத்துல போட்டது அப்படியே நின்னாலே அது குறைஞ்ச மாதிரிதான்ங்கறது வேற. மொத்த உற்பத்தில பாத்தா 11.7 சதவீதத்துலருந்து 5.3க்கு வந்துருச்சு. அடுத்த வருஷமும் 5 சதவீதம் பக்கத்துலயேதான்.

அதனால உங்க கேள்விக்கு பதில் இதுதாங்க: நீங்க கட்டறீங்க, நானும் லிஸ்ட் போடறேன், அதுல பொய் இல்ல. ஆனா ஆர்டி கட்டற அதே வீட்ல குழு லோன், பைக் லோன், நகை லோன், ஃபோன் ஆப்ல எடுத்த லோன்னு நாலு ஓடுது. ஆர்டி ஒரு பக்கம் ஏறுது, கடன் இன்னொரு பக்கம் அதை விட வேகமா ஏறுது.

அப்ப மக்கள் ஊதாரி ஆயிட்டாங்கன்னு டிவில சொல்றது சரிதானா?

எனக்கு இதைக் கேட்டா மனசு ஆறாதுங்க.

முதல்ல 2020-21 உசந்ததே சாதாரண உசரம் இல்ல. சம்பளம் வந்தவங்களுக்கு செலவு பண்ண கடை திறக்கல, கல்யாணம் இல்ல, டூர் இல்ல, அவங்க காசு பேங்க்ல தங்கிருச்சு. அதே நேரம் எங்க ஊர்ல என்ன நடந்துச்சு? கம்பெனி மூடிக் கிடந்துச்சு, வாரா வாரம் சனிக்கிழமை வர்ற சம்பளம் வரல. அந்த வருஷம் நான் எழுதிக் குடுத்த க்ளோசிங் ஃபாரம் மாதிரி முன்னாடி எந்த வருஷமும் எழுதினதில்ல. மூணு வருஷம் ஆனாத்தான் ஆர்டியை முன்கூட்டி முடிக்கலாம், அது ஆகாதவங்க கட்டின தொகைல பாதி வரைக்கும் லோன் எடுத்தாங்க, பன்னெண்டு மாசம் கூட கட்டாதவங்க ஒண்ணும் பண்ண முடியாம நின்னாங்க. ஒரு பாட்டிமா பாஸ்புக்கை முந்தானைல சுத்தி வச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்லயே உக்காந்திருந்தாங்க, எட்டு மாசம்தான் கட்டியிருந்தாங்க. ஆனா மொத்தக் கணக்குல அந்த வருஷம் குடும்ப சேமிப்பு ரொம்ப உசரம்.

அப்புறம் கடன் ஏறினதுக்கு காரணம். 2023 செப்டம்பர்ல நிதி அமைச்சகம் சொன்னது, மக்கள் வீடும் வண்டியும் வாங்கறாங்க, எதிர்காலத்துல நம்பிக்கை இருக்கறதாலதான் கடன் எடுக்கறாங்கன்னு. அது ஒரு பகுதி நிஜம்தான், வீட்டுக் கடன் ஏறியிருக்கு, கட்டடமா நிக்கற சேமிப்பும் ஏறியிருக்கு. ஆனா இன்னொரு பகுதியும் நிஜம். அடமானம் இல்லாத சின்னக் கடன் ஏறின வேகத்தைப் பாத்து அதே வருஷம் நவம்பர்ல ரிசர்வ் பேங்க்கே பேங்குங்களை இழுத்துப் புடிச்சுச்சு, அந்தக் கடனுக்கு இன்னும் கூடுதலா மூலதனம் ஒதுக்கணும்னு. ஸ்கூல் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடன் எடுக்கறவங்களை நான் மாசாமாசம் பாக்கறேன். அவங்களை ஊதாரின்னு சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளம் ஏறாம வாடகையும் ஃபீஸும் ஏறினா நடுவுல நசுங்கறது சேமிப்புதானே.

குறைஞ்சா குறையட்டும், நாட்டுக்கு அதனால என்ன?

மூணு பைல கடன் குடுக்கற பை நம்மளோடது மட்டும்தாங்க, பெரும்பாலும். அரசுக்கு பற்றாக்குறை, கம்பெனிக்கு விரிவாக்கம், ரெண்டுக்கும் காசு குடும்பங்களோட நிதி சேமிப்புலருந்துதான் வரணும். 2022-23ல நம்ம நிகர நிதி சேமிப்பு 5.3 சதவீதம்னு சொன்னேன். அந்த வருஷம் மத்திய அரசுக்கு மட்டும் 6.4 சதவீதம் கடன் தேவைப்பட்டுச்சு. மாநில அரசுங்க தனி. அப்ப மிச்சம் எங்கிருந்து வரும்? கம்பெனிங்க கைல வச்சிருந்த உபரி கொஞ்சம், வெளிநாட்டுலருந்து கொஞ்சம். அந்த வருஷம் வெளிநாட்டு கணக்குல 2 சதவீதம் துண்டு விழுந்துச்சு.

நாட்டுக்குள்ள போடற முதலீடு நாட்டோட சேமிப்பை விட எவ்வளவு அதிகமோ அவ்வளவும் வெளிய வாங்கித்தான் ஆகணும். அது அளவா இருந்தா நல்லதுதான், வளர்ற நாடு கடன் வாங்கித்தான் வளரும். அளவு மீறினா என்ன ஆகும்னு நாம ரெண்டு தடவை பாத்திருக்கோம். 1991ல எண்பதுகள் முழுக்க சேந்த பற்றாக்குறை, வளைகுடா சண்டையால ஏறின எண்ணெய் விலை, வெளிநாட்டு இந்தியர் எடுத்துட்டு போன டெபாசிட், எல்லாம் சேந்து சில வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருக்குன்னு ஆயிருச்சு. மே மாசம் 20 டன் தங்கத்தை சுவிட்சர்லாந்து பேங்க்ல வித்தாங்க, ஜூலைல ரிசர்வ் பேங்க் இன்னொரு 47 டன்னை பிளேன்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்பி அடமானம் வச்சு கடன் வாங்குச்சு. வீட்ல கஷ்டம் வந்தா நகையைக் கொண்டு போய் வைப்போமே, அதேதான். அடுத்தது 2012-13, துண்டு 4.8 சதவீதம் போச்சு. அதுல தங்கம் இறக்குமதி ஒரு பெரிய பங்கு, விலைவாசி ஏறினதால பேங்க் வட்டி கைல நிக்கலன்னு ஜனங்க தங்கத்துக்கு ஓடுனாங்க. 2013 ஆகஸ்ட்ல டாலர் 68 ரூபாயைத் தாண்டுச்சு, தங்கத்து மேல சுங்க வரியை 10 சதவீதம் ஆக்குனாங்க.

அதனால டெபாசிட்டுக்கு விலைவாசியை விட கொஞ்சமாச்சும் கூட வட்டி கிடைக்கணும். இதை நான் கமிஷனுக்காக சொல்லலைங்க. வட்டி நிக்கலன்னா சனங்க காசை தங்கமா மாத்துவாங்க, தங்கம் வெளிநாட்டுலருந்து வருது, டாலர் போகுது.

எல்லாரும் எஸ்ஐபிக்கு போயிட்டதாலதான் பேங்க்ல டெபாசிட் இல்லையாமே?

எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் போடறது, ஏறியிருக்கறது உண்மை, 2024 ஏப்ரல்ல மாசம் 20,000 கோடியைத் தாண்டுச்சு, டிசம்பர்ல 26,000 கோடி. ஆனா நீங்க ஃபண்டுல போட்ட காசு ஷேர் வித்தவர் அக்கவுண்ட்டுக்குத்தான் போகுது, அவர் அதை பேங்க்லதான் வச்சிருப்பார். பேங்க் சிஸ்டத்தை விட்டு காசு பறந்துடாது, ஒரு பேங்க்லருந்து இன்னொரு பேங்க்குக்கு, குடும்பத்துலருந்து கம்பெனிக்கு கை மாறும். பழைய ஷேரை ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தர் வாங்கறது நிலம் மாதிரிதான், புதுசா கம்பெனி ஷேர் வெளியிட்டு அதுல நீங்க போட்டா தொழிலுக்கு நேரா போய்ச் சேரும்.

எல்லாரும் சேமிச்சுட்டே இருந்தா வியாபாரம் படுத்துடாதா?

படுக்கும். பொருளாதாரத்துல கெயின்ஸ்னு ஒரு பெரியவர் இதை அழுத்திச் சொன்னார், எல்லாரும் ஒரே நேரத்துல கையை மூடிக்கிட்டா ஒருத்தர் செலவுதான் இன்னொருத்தர் வருமானம்ங்கறதால எல்லாருக்கும் வருமானம் குறைஞ்சு கடைசில சேமிக்கவும் முடியாம போயிடும்னு. அமெரிக்கால, ஐரோப்பால ஆளுங்க பனியன் வாங்கறதை நிறுத்தினா திருப்பூர்ல ஷிஃப்ட் குறையுது, இதை எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல. ஆனா அது மந்தம் புடிச்ச நேரத்துக்கான பேச்சு. நல்லா ஓடற நேரத்துல சேமிப்பு இருந்தாத்தான் அடுத்த மெஷின், அடுத்த ரோடு, அடுத்த மின் நிலையம். ஆர்தர் லூயிஸ்ங்கற பொருளாதார அறிஞர் 1954லயே எழுதினார், வருமானத்துல 4, 5 சதவீதம் சேமிச்ச சமுதாயம் 12, 15 சதவீதம் சேமிக்கறதா எப்படி மாறுதுங்கறதுதான் வளர்ச்சியோட மையக் கேள்வின்னு. நாம அதைத் தாண்டி வந்திருக்கோம், சும்மா வரல. 1956ல 245 இன்சூரன்ஸ் கம்பெனிகளைச் சேத்து எல்ஐசி வந்துச்சு, 1969ல 14 பேங்குங்களை அரசுடைமை ஆக்கி கிராமத்துல எல்லாம் கிளை திறந்தாங்க, போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு 1882லருந்தே இருக்கு. பக்கத்துல ஒரு கவுண்டர் இருந்தாத்தான் காசு மிச்சம் புடிக்கத் தோணும்.

துபாய்லருந்து என் பையன் அனுப்பற காசு இதுல வருமா?

வரும். அதனாலதான் உள்நாட்டு சேமிப்புன்னும் தேசிய சேமிப்புன்னும் ரெண்டு சொல்றாங்க, பையன் அனுப்பறது ரெண்டாவதுல சேரும். ரிசர்வ் பேங்க் 2023-24க்கு எடுத்த சர்வேல இப்படி வர்ற பணத்துல தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம், கேரளாவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் இருவது சதவீதம் பக்கம்.

மத்த நாட்டுல எப்படி?

சீனா 2008 வாக்குல வருமானத்துல பாதியையே சேமிச்சுச்சு, இப்பவும் நாப்பதுக்கு மேல. அமெரிக்கா இருவதுக்கும் கீழ. சீனாவுல ஆஸ்பத்திரி, பென்ஷன் பயத்துலயும் பையன் கல்யாணத்துக்கு வீடு வாங்கணும்னும் ஜனங்க வாயைக் கட்டி சேமிச்சாங்க, அதனால நம்பர் பெருசா இருந்தா அந்த ஜனங்க நிம்மதியா இருக்காங்கன்னு எடுத்துக்க முடியாது.

போஸ்ட் ஆபீஸ்ல நான் கட்டற காசு எங்கக்கா போகுது?

நீங்க குடுக்கற ஐந்நூறு தேசிய சிறுசேமிப்பு நிதிங்கற ஒரு கணக்குக்குப் போகுது, 1999லருந்து அப்படி. அங்கிருந்து அரசாங்கம் கடனா எடுத்துக்குது. அதாவது ஒரு பைலருந்து இன்னொரு பைக்கு. பதிலுக்கு உங்களுக்கு வட்டி, 2025ல அஞ்சு வருஷ ஆர்டிக்கு 6.7 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை அறிவிப்பாங்க. ஒரு மாசம் தவறினா நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். தவறிட்டோம்னு வெக்கப்பட்டு என்னைப் பாத்தா ஒளிஞ்சுக்காதீங்க, அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கலாம்.

ஆர்டி முடிஞ்சு அந்தக் காசுல மெஷின் வாங்கினா சேமிப்பு கரைஞ்ச மாதிரிதானே?

போன வருஷம் என் கஸ்டமர் ஒரு தங்கச்சிக்கு அப்படித்தான் முடிஞ்சுச்சு. 2020ல ஊரடங்குக்கு அப்புறம் கம்பெனி திறந்து முதல் சம்பளம் வாங்கினப்ப மாசம் 2,000னு ஆரம்பிச்சா, அப்ப வட்டி 5.8 சதவீதம்தான். நடுவுல மூணு மாசம் கட்ட முடியல, அபராதத்தோட கட்டினா. அறுவது தவணை, கட்டினது ஒரு லட்சத்து இருவதாயிரம், கைல வந்தது 1,39,000 சொச்சம். அதுல புது ஓவர்லாக் மெஷின் ஒண்ணு எடுத்து வீட்டு முன் ரூம்ல போட்டா, மிச்சத்துல நகை லோன் ஒண்ணைத் திருப்பினா. வீட்டுக்காரர் கூட சொன்னாராம், அஞ்சு வருஷம் சேத்ததை ஒரே நாள்ல கரைச்சுட்டியேன்னு.

கணக்குப்படி அவ எதையும் கரைக்கல. போஸ்ட் ஆபீஸ்லருந்து எடுத்ததால நிதி சேமிப்பு இறங்குச்சு. மெஷின் தொழில் சாமான், அது பொருள் வடிவ சேமிப்புல ஏறுச்சு. நகை லோனை அடைச்சது கடனைக் குறைச்சது, அதுவும் நிதி சேமிப்புல பிளஸ். எங்கயும் ஒரு ரூபாய் காணாம போகல, வட்டியா குடுத்தது தவிர. அதே காசுல அவ இன்னொரு வீட்ல ஓடிக்கிட்டிருந்த பழைய மெஷினை வாங்கியிருந்தா, அவளுக்கு ஏறினது வித்தவங்களுக்கு இறங்கியிருக்கும், நாட்டுக் கணக்குல ஒண்ணும் மாறியிருக்காது.

போன வாரம் அவ வீட்டுக்கு வசூலுக்குப் போனப்ப ரெண்டு பேர் உக்காந்து பீஸ் அடிச்சுட்டு இருந்தாங்க, சத்தத்துல பேச முடியல. மெஷின் டேபிள் டிராயரைத் திறந்து நூல் கட்டைக்கு நடுவுலருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக் குடுத்தா. புது ஆர்டி, ஏழாவது தவணை.